பன்னிரண்டு பெட்டைக்கு எந்தச் சேவல்?

கேள்வி கேட்டவருக்குக் காட்பாடிப் பக்கம் வீடு. கொல்லையில் 12 நாட்டுப் பெட்டைகள் மேய்கின்றன. இருந்த ஒரே சேவலைப் போன வாரம் நாய் தூக்கிவிட்டது. பொய்கைச் சந்தையில் ஒரு சேவலைப் பார்த்து வைத்திருக்கிறார். எடை நாலு கிலோவுக்குக் குறையாது, விலை கூடுதல்தான், ஆனால் நிற்கிற நிலையே கம்பீரமாக இருக்கிறது என்கிறார். அதை வாங்கலாமா, இல்லை வேறு எதைப் பார்த்து வாங்குவது? அடை வைத்துக் குஞ்சு பொரித்துக் கோழியைப் பெருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். வீட்டுக்கு முட்டை போதும் என்றால் சேவலே தேவையில்லை, பெட்டை தன் பாட்டுக்கு முட்டை இடும். குஞ்சு வேண்டும் என்பதால்தான் சேவலைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அவசரமான ஒரு விஷயம். செத்துப்போன சேவலின் வித்து பெட்டையின் உடம்பில் இன்னும் இருக்கிறது. ஒரு முறை சேவல் மிதித்தால், அதாவது இணை சேர்ந்தால், இரண்டு வாரம் வரைக்கும் கருக்கூடிய முட்டை வரலாம், சில பெட்டைகளில் மூன்று வாரம் கூட. முதல் ஏழெட்டு நாளில் இட்ட முட்டைகளில் பெரும்பாலானவை பொரிக்கும். பழைய சேவல் நல்ல சேவல்தான் என்றால் இப்போது இருக்கிற முட்டைகளைச் சமையலுக்கு எடுக்காமல், அடைக்கு உட்கார்ந்திருக்கிற பெட்டை ஏதாவது இருந்தால் உடனே வைத்துவிடுங்கள். 21 நாளில் அவனுடைய வாரிசுகள் வந்துவிடும்.

சரி, சந்தைச் சேவலுக்கு வருவோம். அதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நாலு கிலோ என்றால் அது பெருவிடை, அதாவது உடம்பு பெரிய நாட்டு வகை, அசில் என்ற சண்டைக்கோழி ரத்தம். உங்கள் பெட்டைகள் சிறிய உடம்புள்ள சிறுவிடையாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோதான் இருக்கும். அந்தப் பாரம் தினம் பல முறை முதுகில் ஏறினால் முதலில் இறகு போகும், பிறகு தோல் கிழியும். கால்முள் நீளமாக இருந்தால் செட்டைக்கு அடியில் விலாப் பக்கம் ஆழமாகக் கீறிவிடும். பயந்துபோன பெட்டை சேவலைக் கண்டாலே ஓடும், முட்டை குறையும். அசிலில் குறை ஒன்றும் இல்லை. திடமான உடம்பு, நல்ல கறி, பெட்டைகள் பிரமாதமாக அடைகாக்கும். ஆனால் முட்டை குறைவு, வளர்ந்து முதிரவும் நாளாகும். பெருவிடைப் பெட்டை வைத்திருப்பவருக்குப் பெருவிடைச் சேவல் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது.

விலையையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சந்தையில் காகம், கீரி, மயில் என்று இறகு நிறத்துக்கு ஒரு பெயர் சொல்லி, அந்தப் பெயருக்கு ஒரு தொகை சேர்ப்பார்கள். அந்த மதிப்பெல்லாம் சண்டை கட்டுகிறவர்கள் வைத்தது. பந்தயம் வைத்துச் சண்டை விடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எத்தனை குஞ்சு பொரிக்கும், குஞ்சு எப்படி வளரும் என்பதற்கும் அந்த நிறப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த வம்சம், கொல்லையில் வளரும் சேவல் குஞ்சுகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டு கண் போவதில்தான் முடியும்.

பெரும்பாலான வீடுகளில் சேவலை யாரும் தேர்ந்தெடுப்பதே இல்லை, அதுதான் நம் பக்கத்து வழக்கம். குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிறது. அப்புறம் ஆடி. நடுவில் மாப்பிள்ளை வருவார், மச்சான் வருவார். ஒவ்வொரு முறையும் இருப்பதில் பெரியதை, தெம்பானதைப் பிடித்து அறுக்கிறோம். சாமிக்கு நேர்ந்துவிட்டது என்றால் கேட்கவே வேண்டாம், குறை இல்லாத சேவலாகத்தான் பார்த்து விடுவார்கள். எல்லாம் போக மிஞ்சுவது நோஞ்சான் ஒன்று. அது அந்த வருடம் பொரிக்கிற அத்தனை குஞ்சுக்கும் அப்பன். பத்து வருடம் இப்படிப் போனால் கோழி சிறுத்துப்போய்விட்டது, முன் மாதிரி இல்லை என்று புலம்புவோம். பெட்டையில் ஒன்று மட்டமாக இருந்தால் அதன் குஞ்சுகள் மட்டும்தான் மட்டம். சேவல் மட்டமாக இருந்தால் மந்தையே பாதி மட்டம். அதனால் வம்சத்துக்கு நிற்க வேண்டிய சேவல் எது என்று முதலில் முடிவு செய்து, அதன் காலில் ஒரு வளையமோ சாயக் கயிறோ கட்டிவிடுங்கள். மீதி சேவல்களில் யாருக்கு எது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எதை வைத்து முடிவு செய்வது? கையில் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால், பெட்டைகளோடு விட்டுத் தூரத்தில் நின்று பாருங்கள். விற்பவர் வீட்டுக்கே போவது இதற்காகத்தான். சந்தையில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்குகிற சேவலிடம் இதைப் பார்க்க முடியாது.

பொழுது சாயும் நேரம் போய், ஒரு பிடி கம்போ நொய்யோ வாங்கிச் சேவலுக்கு முன்னால் இறையுங்கள். நல்ல சேவல் உடனே தின்னாது. தலையைத் தாழ்த்தி, ஒரு மணியைக் கொத்தி எடுத்துக் கீழே போடும், மறுபடி எடுக்கும், மறுபடி போடும், வேகமாகக் குக்குக் குக்குக் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பெட்டைகள் ஓடிவந்து அதன் காலடியில் மேயும். சேவல் நிமிர்ந்து சுற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெட்டைகள் தின்ற பிறகுதான் தனக்கு. இப்படிக் கூப்பிட்டு ஊட்டுகிற சேவலிடம் பெட்டைகள் தாமாகவே அணைய வருகின்றன, ஆராய்ச்சி செய்தவர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு வகை உண்டு. தானியம் விழுந்ததும் பெட்டைகளை விரட்டிக் கொத்திவிட்டு முழுவதையும் தானே தின்னும். எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேண்டாம். கூப்பிட்டுவிட்டு ஒன்றுமே இல்லாத இடத்தில் பெட்டையை ஏமாற்றி மிதிக்கிற கில்லாடிகளும் உண்டு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அணைகிற விதத்தையும் கவனியுங்கள். ஒரு பக்கச் செட்டையைத் தரையில் உரசுகிற மாதிரி இறக்கி, பெட்டையைச் சுற்றிப் பக்கவாட்டில் அரைவட்டம் அடிக்க வேண்டும். சம்மதம் என்றால் பெட்டை பதுங்கி உட்காரும். சுற்றாமல், கூப்பிடாமல், ஓடிப்போய்க் கொண்டையைக் கவ்வி இழுக்கிற சேவல் இருக்கும் வீட்டில் பெட்டைகளின் பிடரியைப் பாருங்கள், மொட்டையாக இருக்கும், காய்ந்த ரத்தம் கூட இருக்கும். ஐந்து, ஆறு மாத இளஞ்சேவல் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும், நாள்பட அடங்கும். ஒரு வயது தாண்டியும் அப்படியே இருந்தால் மாறாது.

காவல் புத்தி அடுத்தது. வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு மாதிரியும் தரையில் கீரியோ நாயோ வந்தால் வேறு மாதிரியும் சேவல் குரல் கொடுக்கும். மேலே ஆபத்து என்றால் இழுத்த ஒரே ஓசை, எல்லாம் புதருக்குள் ஓடி அசையாமல் நிற்கும். கீழே ஆபத்து என்றால் விட்டு விட்டுக் கொக்கரிப்பு, எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்க்கும். அடிக்கடி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கிற சேவலைக் கண்டால் அதில் ஒரு கண் வையுங்கள். மலையடிவாரம், ஏரிக்கரை ஓரமாக வீடு இருப்பவர்களுக்கு இது சும்மா பெருமைக்கு இல்லை, குஞ்சு மிஞ்சுவதே இதில்தான் இருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு பிடியுங்கள். மார்பு எலும்பின் மேல் விரலை ஓட்டினால் நேராக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். கத்தி முனை மாதிரி துருத்தினால் இளைத்த உடம்பு, குடற்புழுவோ வேறு நோயோ உள்ளே இருக்கிறது. கொண்டை ரத்தச் சிவப்பு. வெளுத்திருந்தால் ரத்தம் இல்லை. கண் இரண்டும் ஒரே நிறம், கருவிழி வட்டமாக. ஒரு கண் சாம்பல் பூத்து, கருவிழி ஓரம் நெளிந்திருந்தால் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், வாங்கவே வாங்காதீர்கள். காதோடு வைத்து மூச்சைக் கேளுங்கள், கரகரப்பு இருக்கக் கூடாது. கால் செதில்கள் வழவழப்பாகப் படிந்திருக்க வேண்டும். செதில் தூக்கிச் சுண்ணாம்பு பூசினது போல் தடித்திருந்தால் செதிலுக்கு அடியில் சிரங்குப் பூச்சி. உள்ளங்காலில் கறுத்த ஆணி, வீக்கம் இருந்தால் சேவல் சரியாக மிதிக்காது, பாரம் முழுவதும் காலில்தான். செட்டைக்கு அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறகை விலக்கிப் பேனோ செல்பூச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்காக ஒதுக்க வேண்டாம், மருந்தால் போகும். விரல் வளைந்தது, அலகு கோணியது இரண்டையும் விலக்குங்கள்.

வயது கால்முள்ளில் ஓரளவு தெரியும். வெறும் குமிழாக இருந்தால் ஒரு வயதுக்குள். நீண்டு வளைந்திருந்தால் இரண்டு, மூன்று வயது தாண்டியது. எட்டு மாதம் முதல் இரண்டு வயது வரைக்கும் உள்ளது உங்களுக்குச் சரி.

இப்போது எங்கே வாங்குவது. பொய்கையில் செவ்வாய்க்கிழமை, ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்று சந்தைகள் இருக்கின்றன. மாடு, ஆட்டுக்கு அங்கே போவது வேறு. வம்சத்துக்கு நிற்கிற சேவலுக்குச் சந்தை கடைசி வழி. ஓர் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிக் கொள்ளைநோய் விழுந்தால், மிச்சம் இருப்பதையாவது காசாக்கலாம் என்று அவசரமாகக் கூடையில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஐந்தாறு நாளில் உங்கள் கொல்லையில் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். தடுப்பூசி போடாத மந்தையாக இருந்தால் ஒன்றிரண்டு மிஞ்சினாலே அதிர்ஷ்டம்.

தெரிந்த வீட்டில், ஆனால் வேறு ஊரில் வாங்குங்கள். அங்கே போனால் தாய்க்கோழியையும் பார்க்கலாம், நான் சேவலை விட அதைத்தான் அதிகம் விசாரிப்பேன். சேவல் முட்டை இடாது, ஆனால் அதன் பெண் குஞ்சுகள் எவ்வளவு இடும் என்பதில் பாதி அதன் வழியாகத்தான் வருகிறது. அந்தத் தாய்க்கோழி ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, எத்தனை முட்டை இடுகிறது, அடைக்கு ஒழுங்காக உட்காருகிறதா, பொரித்த குஞ்சில் எத்தனையைக் கரை சேர்க்கிறது என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களிடம் கேட்டால்தான் சரியான பதில் வரும், ஆண்களுக்குச் சேவலின் வீரம் மட்டும்தான் தெரியும். கிரிராஜா, வனராஜா போன்ற பண்ணைக் கலப்பில் வந்த சேவல் சீக்கிரம் எடை ஏறும், அதன் வாரிசும் எடை ஏறும். ஆனால் அந்த வகைகளில் அடைகாக்கும் குணம் போய்விட்டது. பொரிப்பான் வைத்திருக்கிறவருக்குக் கவலையில்லை. தாயை நம்பி அடை வைக்கிற உங்களுக்கு இரண்டு தலைமுறையில் அடைக்கு உட்காரக் கோழி கிடைக்காமல் போகும்.

சேவலையே வாங்காமல் இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த நல்ல வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடைமுட்டை வாங்கி வந்து உங்கள் பெட்டைக்கு வையுங்கள். வளர்ந்த கோழியைக் கொண்டுவருவதை விட நோய் கூட வருவதற்கு வாய்ப்பு குறைவு, வருகிற சேவல் குஞ்சுகளில் ஐந்தாறைப் பார்த்துப் பொறுக்கலாம். ஏழெட்டு மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். வெயில் காலத்தில் அடைமுட்டையை நாலைந்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். வேலூர் சூட்டில் அறையில் இருக்கும்போதே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும்.

மரபில் ஒன்றிரண்டு சூட்சுமம் உண்டு. குட்டைக்கால் கோழி பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் குட்டைக்கால் சேவலும் குட்டைக்கால் பெட்டையும் சேர்ந்தால் நாலில் ஒரு பங்கு கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். உங்கள் பெட்டைகளில் குட்டைக்கால் இருந்தால் நெடுங்கால் சேவல்தான் வாங்க வேண்டும். கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்துச் சேவலைச் சிலர் அருவருப்பாகப் பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அதை விடப் பொருத்தமானது கிடையாது. உடம்பு முழுவதுமே இறகு குறைவு, சூடு தங்காது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டும்போது மற்றச் சேவல்கள் வாயைப் பிளந்து நிழலில் கிடக்கும், வித்தின் தரமும் குறையும். கோடையில் கூமுட்டை கூடுவதற்கு இது ஒரு காரணம். அந்த மாதங்களில் பொரிப்பு குறைந்தால் உடனே சேவலை மாற்றிவிடாதீர்கள், நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்து மழை வரும்வரை பாருங்கள். அதே போல, பொரிப்பதெல்லாம் சேவலாகவே இருக்கிறது என்று சேவலைக் குறை சொல்ல வேண்டாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கோழி இனத்தில் பெட்டைதான் தீர்மானிக்கிறது. கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பதும் வெறும் பேச்சு.

வாங்கி வந்ததும் மந்தையில் விடாதீர்கள். மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம், வீட்டின் இன்னொரு மூலையில் தனியாக. தண்ணீர்ச் சட்டி தனி, தீனி தனி, உங்கள் கோழிகளைப் பார்த்துவிட்டு அப்புறம் இதைப் பாருங்கள், திருப்பி அல்ல. அந்த நாட்களில் குடற்புழு மருந்து கொடுத்து, கழிச்சல் தடுப்பூசி போட்டதா என்று விற்றவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பொதுவாகக் குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா என்ற கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது, தவறவிடாதீர்கள். அதற்குள் பழைய சேவலின் வித்தும் பெட்டைகளிடம் தீர்ந்துவிடும், இனி வருகிற குஞ்சுகள் யாருடையவை என்ற சந்தேகம் இருக்காது.

சேர்க்கும்போது சேவலின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மந்தை மேய்கிற இடத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு திறந்துவிட்டால் பெரிய ரகளை இருக்காது. வயதான பெட்டை ஒன்று நாலு கொத்து கொத்தத்தான் செய்யும், இளஞ்சேவலுக்கு அது நல்லதே.

சேர்த்துப் பத்து நாள் கழித்து ஒரு முட்டையை வெள்ளைத் தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் வெண்புள்ளி இருக்கும். கருக்கூடாததில் அது சின்னதாக, அடர்த்தியாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். கருக்கூடியதில் கொஞ்சம் பெரிதாக, நடுவில் தெளிவாக, சுற்றி ஒரு வளையம் போட்டாற்போல் இருக்கும். நாலைந்து முட்டை இப்படிப் பார்த்தால் போதும். அடை வைத்த பிறகு ஏழாம் நாள் இரவு செல்போன் விளக்கில் பார்த்தால் சிலந்தி வலை போல ரத்த நரம்பு தெரிய வேண்டும்.

12 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு, சிறுவிடைச் சேவல் சுறுசுறுப்பு என்பதால் 12 தாங்கும். இரண்டு வைத்தால் ஒன்று மற்றதை மிதிக்க விடாமல் விரட்டுவதிலேயே பொழுது போகும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்று பாருங்கள். விற்பவர் வீட்டுக் குழந்தை கொல்லைக்குள் நடக்கும்போது சேவல் விலகிப் போகிறதா, பக்கவாட்டில் செட்டையை இறக்கிக்கொண்டு எதிரே வருகிறதா? எதிரே வருவதை வாங்காதீர்கள், முள் பிள்ளையின் முகத்து உயரத்துக்கு எழும். ஆளைப் பார்த்து விலகி நிற்கிற சேவல்தான் நல்லது. குஞ்சிலிருந்து மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்த சேவல் பெரும்பாலும் இந்தப் பயம் விட்டுப்போய், வயதுக்கு வந்ததும் மனிதரையும் போட்டியாக நினைத்துப் பாயும்.

அடுத்த வருடம் இந்தச் சேவலின் பெண் குஞ்சுகள் விடையாகி முட்டைக்கு வரும்போது, இதையே அவற்றோடு விட வேண்டாம். அப்பனும் மகளும், அண்ணனும் தங்கையும் சேர்ந்தால் பொரிப்பு குறையும், பொரித்ததும் சவலையாக வரும். அறுக்கவும் தேவையில்லை. இரண்டு வயது நல்ல சேவல் என்றால் அடுத்த ஊரில் கோழி வளர்க்கிற ஒருவரோடு மாற்றிக்கொள்ளுங்கள், அவருடையது உங்களுக்கு, உங்களுடையது அவருக்கு. மூன்று வீடு சேர்ந்து வருடம் ஒரு முறை வரிசையாகச் சுற்றவிட்டால் சில வருடத்துக்கு யாரும் காசு கொடுத்துச் சேவல் வாங்க வேண்டியதில்லை. மாற்றும்போதும் அந்த மூன்று வாரத் தனிமை உண்டு. ஆடிக்கு முன்னால் மாற்றிவிடுங்கள், ஆடியில் கேட்டால் யார் வீட்டிலும் சேவல் இருக்காது.